பன்னிரண்டு சொற்கள்

ஜூன் 6, செவ்வாய்

மருந்து கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் அலமாரியில் கிடந்தது. இன்று முதல் எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் சிறையில் டியூட்டி. கைப்பேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். நோயாளி இல்லாத நேரத்தில் கைக்கு வேலை வேண்டுமே என்று இதை எடுத்துப் போனேன்.

மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நாங்கள் நான்கு டாக்டர்கள். சிறைக்கு ஆள் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்ததும் மற்ற மூவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. "எப்சிபா, உங்களுக்குத்தான் வீட்டுல சின்னக் குழந்தை இல்லையே" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். என் மகள் அபிஷாவுக்குப் பதினைந்து வயது. அவர் சொன்னது சரிதான்.

கைதிகள் நூற்றுப் பத்துப் பேர். அவர்களோடு குழந்தைகள் ஐந்து. ஆறு வயது வரை தாயுடன் இருக்கலாம் என்பது விதி. ஐந்து பேரையும் எடை, உயரம் பார்த்தேன். கனிஷ்கா என்று ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இரண்டு மாதம், பதினொரு கிலோ இருநூறு கிராம். தாய் இங்கே இருக்கும்போதே பிறந்தவள். பெயரைக் கூப்பிட்டதும் வந்து தரையில் குத்தவைத்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "எண்ணிக்கைக்கு உக்கார்ற மாதிரி உக்காருது மேடம், பழக்கம்" என்றார் தலைமை வார்டர் அமலோற்பவம்.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா.

ஜூன் 9, வெள்ளி

கனிக்கு வளர்ச்சிப் பரிசோதனை செய்தேன்.

மூன்று வயதுக் குழந்தை கால் மாற்றி வைத்துப் படி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சிறை முழுக்கத் தரைத்தளம். படியே கிடையாது. மூன்று சக்கர சைக்கிள் மிதிக்கிறதா? சைக்கிளும் கிடையாது. பட அட்டைகளில் பேருந்தைக் காட்டினேன், மாட்டைக் காட்டினேன். அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாளே தவிர வாய் திறக்கவில்லை. பூனையைக் காட்டியதும் விரல் நீட்டினாள். சிறையில் பூனைகள் இருக்கின்றன.

ஒரு மணி நேரம் போராடிச் சொற்களை எழுதினேன். அம்மா, சோறு, தண்ணி, பால், பூனை, காக்கா, மணி, போ, வேணாம், மேடம், வரிசை, லாக்கப். பன்னிரண்டு. அதுவும் உதடு பிரியாமல், பாதி முனகல். இந்த வயதில் கதையே சொல்ல வேண்டும்.

மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு எங்கள் உதவியாளர் சுந்தரேசன் உள்ளே வந்தார். கனி மேசைக்கு அடியில் போய் ஒளிந்துவிட்டாள். ஆண்களைப் பார்த்துப் பழக்கமில்லை.

அவள் அம்மா பெயர் கொளஞ்சி. விருத்தாசலம் பக்கம். இருபத்தாறு வயது, ஆயுள் தண்டனை. என்ன வழக்கு என்று நான் கேட்பதில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவளிடம், "வீட்ல பேச்சுக் குடுக்கிறதில்லையா மா?" என்று கேட்டுவிட்டேன். வீடு என்ற சொல் எப்படி வாயில் வந்ததோ. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 13, செவ்வாய்

கண்காணிப்பாளர் திலகவதியிடம் பேசினேன். நல்ல மாதிரி. "முட்டை நாளையிலேர்ந்தே குடுத்துடலாம் டாக்டர். பொம்மைக்கு யாராவது ட்ரஸ்ட்காரங்களக் கேக்கறேன். ஆனா பிள்ளைங்கள வெளிய அங்கன்வாடிக்கு அனுப்பறதெல்லாம் என் கையில இல்ல. நீங்க மேல எழுதுங்க. அழுத்தமா எழுதுங்க, அப்பத்தான் அசைவாங்க" என்றார்.

அழுத்தமாக எழுத எனக்குத் தெரியும்.

ஜூன் 17, சனி

என் கணவர் ராபின்சன் ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறார். வங்கியில் ஆடிட்டாம், நாளை மதியமே கிளம்ப வேண்டும். மீன் வாங்கி வந்தார்.

அபிஷா என் லீலா அக்காவோடு ஒரு மணி நேரம் போனில் பேசினாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்டது. போனை வைத்துவிட்டு வந்து என்னிடம், "தயிர் இருக்கா?" என்றாள்.

நான் மேல்படிப்புப் படித்தபோது ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து நான்கு வயது வரை அவள் நாகர்கோவிலில் அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். வேறு வழி இல்லை. அக்காவைப் போல் யார் பார்த்திருப்பார்கள்? ஒரு நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 18, ஞாயிறு

அறிக்கை முடிந்தது. நான்கு பக்கம். மூளை வளர்ச்சியின் முதல் ஆயிரம் நாட்கள், மொழி, விளையாட்டு, வெளியுலகம், எல்லாம் இருக்கிறது. படி இல்லாத கட்டடத்தைப் பற்றி ஒரு பத்தி, பன்னிரண்டு சொற்களைப் பற்றி ஒரு பத்தி. கடைசி வரி: "இச்சூழல் இக்குழந்தையின் வளர்ச்சிக்கு முற்றிலும் தகுதியற்றது, மேலும் தாமதித்தால் இழப்பு ஈடுசெய்ய இயலாததாகும்."

அந்த வரியை மூன்று முறை மாற்றி எழுதினேன். இப்போது நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

சிறைக்கு மாதாந்திரப் பார்வைக்கு நீதிபதி வந்திருந்தார். என் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். "இருபது வருஷமா ஜெயில் விசிட் போறேன் டாக்டர். பிள்ளைங்களுக்கு எடையும் சளியும்தான் எழுதுவாங்க. இப்படி ஒண்ணு நான் படிச்சதில்ல" என்றார் எல்லார் முன்னிலையிலும். குழந்தைகள் நலக் குழுவுக்குப் படித்த அன்றைக்கே அனுப்பிவிட்டாராம்.

வரும் வழியில் பிரியாணி வாங்கினேன். அபிஷா, "என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. குடிநீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னேன். கனிக்கு இருநூறு கிராம் ஏறியிருக்கிறது. முட்டை.

ஜூலை 11, செவ்வாய்

போனவுடனே திலகவதி கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. "உங்க ரிப்போர்ட்டையே எடுத்துப் போட்டிருக்காங்க, பாருங்க."

மூன்றாவது பத்தியில் என் கடைசி வரி, மேற்கோள் குறிக்குள், ஒரு எழுத்து மாறாமல். அதற்குக் கீழே: ஆகவே குழந்தை கனிஷ்காவை ஜூலை 31ஆம் தேதிக்குள் பக்கத்து மாவட்டத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு மாற்ற வேண்டும். வளர்க்க முன்வரும் உறவினர் எவருமில்லை. தாய் மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

"நான் இதக் கேக்கலையே மேடம். பகல்ல அங்கன்வாடிக்கு அனுப்பணும்னுதான..."

"அது ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு டாக்டர். தகுதியற்றதுன்னு முடிச்சது நீங்கதான?"

நான் சொன்னது சூழலைப் பற்றி. அவர்கள் படித்தது வேறு. இப்படிப் படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஜூலை 14, வெள்ளி

கொளஞ்சி மருத்துவ அறைக்கு வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கதவருகே நின்றாள். அமலோற்பவம் அவளைத் தடுக்கவில்லை.

"டாக்டரம்மா, நீங்கதான எழுதுனீங்க?"

"உன் பிள்ளை நல்லதுக்குத்தான் மா எழுதினேன். இப்படி முடியும்னு..."

"எம்புள்ளைக்கிப் பேச்சு வராதுன்னு எழுதுனீங்களாமே. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நானே ஒரு மணி நேரம் பார்த்தேன் மா. பன்னெண்டு வார்த்தைதான் சொன்னா."

"எங்க பாத்தீங்க? இந்த ரூம்புல. பக்கத்துல இவங்க தடியோட நிக்க. அவ எங்கிட்டப் பேசறத என்னைக்கிப் பாத்தீங்க?"

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். "நான் பண்ண தப்புக்கு ஆயுசு பூரா உள்ள கெடக்கறன். அதுக்கு மேல இன்னொண்ணு எழுதிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாத் தாய்மார்களும் என் பிள்ளை நன்றாகப் பேசுகிறது என்றுதான் சொல்வார்கள். பதினைந்து வருட அனுபவத்தில் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 16, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

திலகவதியிடம் அனுமதி வாங்கி, மாலையில் எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்டும் லாக்கப் நேரம் வரை இருந்தேன். கொளஞ்சி இருக்கும் பிளாக் ஒரே நீளக் கூடம். அறுபது பேர். பாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். சுவரோரம் கடைசிப் பாய் அவளுடையது. நான் இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

கனி தாயின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் வாயை வைத்தாள். அப்படியே இருந்தாள். முதலில் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கொளஞ்சி நடுநடுவே தலையாட்டினாள், ஒருமுறை சிரித்தாள், பிறகு பிள்ளையின் காதில் தன் வாயை வைத்தாள். பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டு இல்லை இல்லை என்று கையை ஆட்டியது.

பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"இங்க புள்ள சத்தம் போட்டா அறுவது பேரும் திட்டுவாங்க" என்றாள் கொளஞ்சி, என் பக்கம் திரும்பாமலே. "எட்டு மாசத்துல ஒரு ராத்திரி அழுதுது. ஒருத்தி செருப்பத் தூக்கி அடிச்சா. எம்மேலதான் பட்டுது. அன்னையிலேர்ந்து காதோட காதாத்தான் பேசறன். அவளும் அப்படித்தான் கத்துக்கிட்டா."

பிறகு கனியிடம் ஏதோ சொன்னாள். கனி மாட்டேன் என்றாள். மறுபடி சொன்னாள். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் அந்தக் குழந்தை நடந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, என் காதில் சூடாக மூச்சு விட்டது.

"தொட்டிக்கிக் கீழ பூனக் குட்டி போட்டுருக்கு. மூணு. ஒண்ணு கறுப்பு. கறுப்புக் குட்டிக்கி மட்டும் அம்மா பால் குடுக்கல. ஏன் குடுக்கல?"

வாக்கியம். இறந்த காலம், எதிர்மறை, எண், நிறம், "மட்டும்", "ஏன்". பதில் தெரியவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் அவள் முகம் சுளித்தாள். காதில் சொல்ல வேண்டுமாம். காதில் சொன்னேன்.

லாக்கப் மணி அடிக்கும் வரை அவள் சொன்ன சொற்களைக் கையில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்று நாற்பதோடு நிறுத்திவிட்டேன், உள்ளங்கையில் இடமில்லை.

ஜூலை 19, புதன்

என் அறிக்கையின் நகலை எடுத்துப் படித்தேன். நான்கு பக்கத்தில் கொளஞ்சி என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. முதல் பக்கம், பெற்றோர் விவரம் என்ற கட்டத்தில்.

ஜூலை 20, வியாழன்

பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "முதல் ரிப்போர்ட் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களா? அடுத்து நீங்க எழுதறத எவன் மதிப்பான்? மத்த நாலு பிள்ளைங்களுக்கும் சேத்து நீங்க கேட்டதெல்லாம் போயிடும். அந்த ஹோம் ஒண்ணும் மோசமில்ல எப்சிபா. விளையாட்டு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. விட்டுடுங்க."

அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அந்த இல்லத்தில் மாடிப்படி இருக்கும், சைக்கிள் இருக்கும், மாடு கூட இருக்கலாம். நான் சிறையைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி இன்றும் சரிதான். அதுதான் கஷ்டம்.

இரண்டாவது அறிக்கையை எழுத ஆரம்பித்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 21, வெள்ளி

சிறைக் கேட்டிலிருந்து நானூறு மீட்டரில் அங்கன்வாடி. மதியம் போனேன். பணியாளர் மங்கையர்க்கரசி பயந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். மத்த அம்மாங்க சம்மதிக்கணும்ல? ஜெயில் புள்ளன்னு பேச்சு வரும்."

பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போக அம்மாக்கள் வரும் நேரம் வரை காத்திருந்தேன். எட்டுப் பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒல்லியாக, இடுப்பில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்:

"அந்தப் புள்ளையோட அம்மா என்னா பண்ணிட்டு உள்ள போச்சி?"

"தெரியாதுமா. எனக்கு அந்தப் பிள்ளையத்தான் தெரியும்."

"என்னா வயசு?"

"மூணு."

அவள் தன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பையனைப் பார்த்தாள். "எம்புள்ள கடிக்கும். அத இப்பவே சொல்லிடறன். அப்பறம் போலீஸ், கீலீஸ்னு வரக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்லவும் இல்லை. ஒரு நோட்டுத் தாளில் எட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். முதல் வரி: "ஜூன் 18 தேதியிட்ட எனது அறிக்கையில் மொழி வளர்ச்சி பற்றிய முடிவு தவறானது."

அக்கா போன் செய்தாள். குரலில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "ஏன் ஒரு மாதிரியா பேசுக? பிள்ளைய ஏசினியா?" என்றாள். இல்லை அக்கா என்றேன். "ஏசாத கேட்டியா" என்றாள்.

ஜூலை 26, புதன்

விசாரணை. கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு சின்ன அறை. குழுத் தலைவர் ஞானசேகரன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கத்தில் ஒரு பெண் வக்கீல், இன்னும் இரண்டு உறுப்பினர்கள். திலகவதியும் வந்திருந்தார். கொளஞ்சிக்கு அனுமதி இல்லை.

தலைவர் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "போன மாசம் அங்க இருக்கவே கூடாதுன்னீங்க. இந்த மாசம் அங்கயே இருக்கட்டும்ங்கறீங்க. நாங்க எந்த டாக்டரை நம்பறது?"

"முதல் ரிப்போர்ட்ல தப்பு இருக்கு சார். தப்பு என்னோடது. குழந்தைய ஒரு அந்நியமான அறையில, வார்டர் பக்கத்துல நிக்க வெச்சு சோதிச்சேன். அவ பேசற இடத்துல போய் நான் கேக்கல."

"அப்ப ஜெயில் நல்ல இடம்ங்கறீங்களா?" இது வக்கீலம்மா.

"இல்ல மேடம். பகல் முழுக்க அவ வெளிய இருக்கணும். மத்த பிள்ளைங்களோட ஓடணும், கத்தணும், பஸ் பாக்கணும். சாயங்காலம் அவ அம்மாகிட்டத் திரும்பி வரணும். அவ கத்துக்கிட்ட அத்தனை பேச்சும் அந்த ஒரு பொம்பள அவ காதுல சொன்னது. அறுபது பேர் திட்டற எடத்துல, மூணு வருஷமா, அலுக்காம. அதை நான் முதல்ல எழுதியிருக்கணும்."

அங்கன்வாடித் தாய்மார்கள் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமாக இல்லை. வாத்தியார் குரல்தான்.

"சின்னக் குழந்தை டாக்டர். புது இடத்துக்குப் போனா ரெண்டு மாசம் அழும். அப்பறம் மறந்துடும். நான் எத்தனையோ பிள்ளைங்களப் பாத்திருக்கேன்."

"மறந்துடும் சார். அதுக்குத்தான் பயப்படறேன். நாலு வருஷம் கழிச்சு அம்மா முன்னால வந்து நின்னா, யாரோ வந்திருக்காங்கன்னு பாக்கும். மரியாதையா இருக்கும். கேட்டா பதில் சொல்லும். நல்லாப் படிக்கும், ஒரு குறையும் இருக்காது. ஆனா தானா வந்து ஒண்ணும் சொல்லாது. சிரிக்கறதெல்லாம் வேற யார்கிட்டயாவது இருக்கும்."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார் தலைவர்.

"படிச்சிருக்கேன் சார்" என்றேன்.

வெளியே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு உத்தரவைத் தந்தார்கள். இடமாற்றம் டிசம்பர் வரை நிறுத்தி வைப்பு. தினமும் ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை அங்கன்வாடி. ஒரு பெண் வார்டர் சாதாரண உடையில் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். நான் மாதா மாதம் அறிக்கை தர வேண்டும். மற்ற நான்கு குழந்தைகளுக்கும் தனித்தனியாக மனு போட வேண்டுமாம். படிவங்களை வாங்கி வந்திருக்கிறேன்.

"தன் தப்ப எழுதிக் குடுத்த டாக்டர இப்பத்தான் பாக்கறேன்" என்றார் வக்கீலம்மா மாடிப்படியில். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை.

ஜூலை 28, வெள்ளி

கொளஞ்சியிடம் சொன்னேன். உத்தரவைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "டிசம்பர் வரைக்கும்" என்று மட்டும் திருப்பிச் சொன்னாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

முதல் நாள். அமலோற்பவம் பச்சைப் புடவையும் மல்லிகைப் பூவுமாக வந்து நின்றார். காக்கி இல்லாத அவரைக் கனிக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மா முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். "நாந்தான்டி, உங்க மேடம்" என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

மூன்றரைக்கு அமலோற்பவத்தின் தோளில் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தாள். கன்னத்தில் ஒரு கடித் தடம். அந்தப் பையனின் அம்மா சொன்ன சொல் தவறவில்லை.

"ரோட்டுல ஒரு நாயப் பாத்துட்டு நின்னுட்டா மேடம். அஞ்சு நிமிஷம் அசையல. நானும் நின்னேன்" என்றார் அமலோற்பவம். "அது பாட்டுக்குப் படுத்திருந்த நாய். அதுல என்னா இருக்குன்னு நானும் பாத்துக்கிட்டே நின்னேன்."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தோசை. கனியைப் பற்றி அபிஷாவிடம் சொன்னேன், காதில் பேசியதை எல்லாம். வழக்கமாக என் ஆஸ்பத்திரிக் கதைகளை அவள் கேட்பதில்லை. இன்று கேட்டாள்.

"நான் நாகர்கோவில்லேர்ந்து வந்தப்ப எப்படி இருந்தேன்?"

"நல்லாத்தான் இருந்தே."

"அழுதேனா?"

"கொஞ்ச நாள்."

"மூணு மாசம்னு பெரியம்மா சொன்னாங்க."

சட்னி இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு அவள் தட்டைக் கழுவி வைத்தாள். என் தட்டையும் எடுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மூன்று மனுக்கள் போட்டாயிற்று. நான்காவது குழந்தையின் தாய் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை. அவள் பிளாக்கில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கனி அங்கன்வாடியில் கற்ற பாட்டைப் பிளாக்கில் வாய்விட்டுப் பாடுகிறாளாம். பக்கத்துப் பாய்க்காரி புகார் கொடுத்திருக்கிறாள். திலகவதி விசாரித்தார். "பாடட்டும் மேடம். திட்டறவங்க என்னத் திட்டிக்கட்டும்" என்று கொளஞ்சி சொல்லிவிட்டாள்.

ராபின்சன் தனக்கு இடமாற்றம் கிடைக்கலாம் என்கிறார். பார்ப்போம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மூன்றரைக்குக் கேட்டில் கைப்பேசியைத் திரும்ப வாங்க நின்றேன். வெளியே அலறல். கனி கேட்டுக்கு முன்னால் தார்ச் சாலையில் படுத்துக்கொண்டு உதைத்தாள். "உள்ள வேணாம்! உள்ள வேணாம்!" அமலோற்பவம் தூக்கினால் வில்லாக வளைந்து நழுவினாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார், நான் அவர் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

நான் கேட்டு வாங்கியதுதான் இது. பகலில் வெளியே, மாலையில் உள்ளே. கமிட்டி முன்னால் சொல்லும்போது அழகாக இருந்தது. தினமும் மூன்றரைக்கு இந்தக் குழந்தையை யாராவது ஒருவர் இந்தச் சின்னக் கதவுக்குள் தூக்கிப் போக வேண்டும் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. அமலோற்பவத்தின் கண் கலங்கியிருந்தது. இருபத்தி மூன்று வருட சர்வீஸ் அவருக்கு. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

சத்தம் பிளாக் வரை கேட்டிருக்கிறது. கொளஞ்சி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தவில்லை. அம்மாவின் கையையும் தட்டிவிட்டது. பதினைந்து நிமிடம் கழித்து மடியில் கிடந்து விக்கியது.

"உள்ள வர மாட்டன்னாளா?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"ஆமாம் மா."

"வெளிய என்னா பண்ணா இன்னைக்கி?"

அமலோற்பவம் சொன்னார். மணலில் வீடு கட்டினார்களாம். கடிக்கிற பையனுக்கும் இவளுக்கும் இப்போது நல்ல சேர்த்தி. ஒருத்தர் தட்டில் ஒருத்தர் சாப்பிடுகிறார்களாம்.

கொளஞ்சி பிள்ளையின் முடியிலிருந்து மணலைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "வேணும்னா ரெண்டு நாள் நிறுத்தி வெச்சுப் பாக்கலாம் மா. நான் எழுதிக் குடுக்கறேன்."

"எதுக்கு?"

"உன்கிட்ட வர மாட்டேன்னு அழறாளே. உனக்கு..."

"எனக்கென்னா?" என்றாள். "வெளிய நல்லா இருக்குது, அதான் அழுவறா. எல்லாரும் அதுக்குத்தான அழுவறோம். நாளைக்கி சனிக்கெழம உண்டா?"

"உண்டு."

"அப்ப அனுப்புங்க. நான் தலை பின்னி வெக்கறன்."

ஆகஸ்ட் 26, சனி

எனக்கு அங்கே டியூட்டி இல்லை. இருந்தும் ஒன்பதே காலுக்குப் போய் சிறைக்கு எதிரே டீக்கடை ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

ஒன்பதரைக்குச் சின்னக் கதவு திறந்தது. அமலோற்பவம் குனிந்து வெளியே வந்தார், பிறகு கனி. இரட்டைப் பின்னல், இழுத்துக் கட்டிய சிவப்பு ரிப்பன், நெற்றியில் வட்டமாக மை. ஒவ்வொரு முடியும் அதனதன் இடத்தில் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவள் அமலோற்பவத்தின் கையை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தாள். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொளஞ்சி, எப்படிப் போனாள் என்று கேட்பாள். உள்ளதைச் சொல்லிவிடுவேன்.